முந்நூற்றுத் தொண்ணூற்றேழு முந்திரிக்கொட்டை

பகா எண் என்று ஒன்று உண்டாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதாம். கோடிக்கணக்கான இலக்கம் கொண்ட ஒன்றைக் கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று போன வாரம் என் மகன் போனில் வாசித்தான். இன்ஜினியர். அப்பாவுக்கு எங்கே புரியப்போகிறது என்ற முகம். மூன்றாம் வகுப்போடு நின்று, இன்று இருபது பேருக்குச் சம்பளம் கொடுத்து முந்திரி உடைக்கும் கொட்டகை நடத்துகிறவன் நான். எனக்கா புரியாது? ஒன்பது வயதிலேயே அப்படி ஒரு எண்ணோடு கட்டிப் புரண்டவன்.

வல்லத்திராக்கோட்டையில் அப்போது என் தாய்மாமன் எங்களோடு இருந்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். கீழுதட்டின் ஓரம் ஒரு வெள்ளைத் தழும்பு. கேட்டால், டீயைச் சூடாகக் குடித்துவிட்டேன் என்பார். வைகாசியில் அவர் விராலிமலைத் தேருக்குக் கிளம்பியபோது, நானும் வருவேன் என்று காலைக் கட்டிக்கொண்டேன். தேர், மயில், பஸ்ஸில் ஜன்னலோரம். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாமன் ஒரு பையை அவிழ்த்துக் களத்தில் முந்திரிக்கொட்டைகளைக் கொட்டினார்.

“முந்நூத்தித் தொண்ணூத்தேழு இருக்கு மாப்ளே. வரிசை வரிசையா அடுக்கு. எல்லா வரிசையும் ஒரே அளவா இருக்கணும், மீதி விழக்கூடாது. அடுக்கிட்டா நாளைக்கு ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்.”

“இம்புட்டுத்தானா மாமா?”

“இம்புட்டுத்தான். ஒரே வரிசையா நீட்டிப்புட்டு வந்து நிக்காதே.”

மும்மூன்றாக வைத்தேன். ஒன்று மிஞ்சியது. நந்நான்காக வைத்தாலும் ஒன்று. ஐந்தைந்தாக வைத்தால் இரண்டு, ஏழேழாக வைத்தால் ஐந்து. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் மறுபடி அந்த ஒன்றே வந்து நின்றது. வெயில் இறங்கிவிட்டது. ஊரில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை. ஆகவே தப்பு கொட்டையில்தான் என்று முடிவு செய்தேன். மிஞ்சியதை வாயில் அடக்கிக்கொண்டு, வரிசைக்கு முப்பத்துமூன்றாகப் பன்னிரண்டு வரிசையை நூல் பிடித்தாற்போல நிறுத்தினேன்.

மாமன் வந்தார். கொட்டைகளை எண்ணவே இல்லை. நேராக என் கன்னத்தைப் பார்த்தார்.

“அடுக்கிப்புட்டியா மாப்ளே?”

பயத்தில் பல் அழுந்திவிட்டது. பச்சைக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தீப்பட்ட மாதிரிதான். துப்பிவிட்டுத் துள்ளினேன். மாமன் ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவினார். ஆத்தா வந்து பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டுத் தன் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள். “இந்த வாயும் வெந்துச்சா? இப்பக் குளுந்துச்சாடா ஒனக்கு?”

மறுநாள் உதடு வீங்கித் தொங்கியது. “ஏறு மாப்ளே” என்று மாமன் என்னை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தார். தேர் பார்த்தேன், மயில் பார்த்தேன். அவர் வாங்கித் தந்த மிட்டாயை மட்டும் தின்ன முடியவில்லை. கடைசியில் ஜெயித்தது என் கெட்டிக்காரத்தனம்தான் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாயில் அடக்கியதை மட்டும் விட்டுவிட்டு, இதை மகனிடம் சொன்னேன்.

“எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது பகா எண்ணுன்னு எப்படிப்பா தெரிஞ்சுச்சு?” என்றான்.

அறுபது வருடமாக நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றேன். மாமனும் அதே களத்தில் எத்தனை நாள் குந்தி அடுக்கிப் பார்த்தாரோ! கடைசியில் அந்த ஒன்றை அவரும் வாயில்தான் போட்டிருக்கிறார். என் கீழுதட்டின் ஓரத்திலும் அந்த வெள்ளைத் தழும்பு இருக்கிறது. டீயைச் சூடாகக் குடித்துவிட்டேன் என்றுதான் என் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.