மனமுவந்து அனுப்புகிறோம்

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் நான் விடுப்பில் தேனிக்கு வந்திருந்தபோது, எங்கள் சர்ச் சபையார் என்னிடம் கேட்டதில் பாதிக்கு மேல் சிங்கத்தைப் பற்றித்தான். நான் சிங்கம் பார்த்ததில்லை. தான்சானியாவில், பெரிய ஏரி ஒன்றிலிருந்து உள்ளே தள்ளியிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகத் தொண்டு செய்துகொண்டிருந்தேன். அங்கே நான் அதிகம் பார்த்தது ஈயும் புகையும், காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளும்தான். இதைச் சொன்னதும் கேட்டவர்களின் முகம் சப்பென்று ஆகிவிடும்.

"ஒண்ணு கூடவா பாக்கல?" என்றார் பக்கத்து இரும்புக் கடைக்காரர். "அப்பறம் எதுக்கு அம்புட்டுத் தூரம் போனீக?"

கடைவீதியில் அப்பா தொடங்கிய பலசரக்குக் கடையைத் தம்பி நடத்திவந்தான். கடைக்குப் பின்னால் வீடு. நான் ஆப்பிரிக்காவில் இருந்தபோது அப்பாவுக்கு வாதம் அடித்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சில் சில சொற்களே மிஞ்சின. வீட்டுக் கடிதங்களில் "அப்பா சுகம்" என்றுதான் இருக்கும். நான் நம்பவில்லை, ஆனால் விசாரித்தும் எழுதவில்லை.

வந்த அன்று நான் முதலில் பார்த்தது அப்பாவின் முதுகை. அது தொழில் பழக்கம். தோள்பட்டை, இடுப்பெலும்பு, குதிகால் என்று வரிசையாகப் பார்த்தேன். ஒரு புண் இல்லை; தோல் சிவக்கக்கூட இல்லை. அவ்வளவு காலம் படுக்கையில் கிடந்த ஒருவரின் முதுகை அப்படி வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பகலிலும் இரவிலும் விட்டுவிட்டுத் திருப்பிப் போட வேண்டும். ஈரம் பட்ட உடனே துணி மாற்ற வேண்டும். கோபம் வந்தாலும் செய்ய வேண்டும். அவ்வளவையும் செய்தவள் தம்பி மனைவி. அவளுக்குச் சொந்த ஊர் கம்பம். அப்பா படுத்ததிலிருந்து அவள் அம்மா வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். கேட்டதற்கு, "சுளுக்கு மதினி, அது அது பாட்டுக்கு இருக்கும்" என்றாள்.

விடுப்பு முடிந்து நான் பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும். போவதா, இருந்துவிடுவதா என்பதுதான் அந்தக் கோடை முழுவதும் என்னை அரித்தது. அங்கே பிரசவப் பிரிவுக்கு என்னை விட்டால் பயிற்சி பெற்றவள் ஒருத்திதான், அவளும் கைக்குழந்தைக்காரி. இங்கே அப்பாவுக்கு ஒரே ஒருத்தி.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலையில் போட அரிசி அளக்கும்போது பெண்கள் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மிஷன் ஊழியத்துக்கென்று தனி டப்பாவில் போடுவார்கள். மாத முதல் ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சாக்கில் கொட்டுவார்கள். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அதைச் சமைத்தால் ஒன்று குழைந்திருக்கும், ஒன்று விறைத்திருக்கும். அதனால் மலிவாகத்தான் போகும். அந்த விற்பனையில்தான் சபை என்னை அனுப்பியிருந்தது. தம்பி மனைவியும் அந்தச் சுளுக்குக் கையோடு பிடி அரிசி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். மூட நம்பிக்கை போலவும் இல்லை, பக்தி போலவும் இல்லை. உப்புப் போடுவதைப் போல அது ஒரு வேலை.

ஒரு மத்தியானம் அப்பாவைக் குளிப்பாட்டி முடித்து, நானும் அவளும் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தோம்.

"மதினி, அங்கன உங்க ஆஸ்பத்திரியில படுத்த படுக்கையா இருக்கறவுக எம்புட்டுப் பேரு இருப்பாக?"

"ஒரு வார்டு நெறைய இருப்பாக."

"அம்புட்டுப் பேரையும் நீங்கதான் தொடச்சு விடுவீகளா?"

இல்லை என்றேன். அங்கே நோயாளியோடு வீட்டார் கூடவே வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி மக்காச்சோளக் களி கிண்டுவார்கள். நம் சோளக்களி மாதிரிதான் இருக்கும், உப்பு இருக்காது. அக்கா, சித்தி, கொழுந்தியாள் என்று முறை போட்டுக்கொண்டு நோயாளியைத் தூக்குவார்கள், கழுவுவார்கள், ஊட்டுவார்கள். ஒருத்தி களைத்தால் அடுத்தவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவாள். போன புதிதில் அந்தப் புகைக்காக நான் அவர்களை விரட்டியிருக்கிறேன். பிறகுதான் அவர்கள் இல்லாமல் வார்டு ஒரு நாள்கூட ஓடாது என்று புரிந்தது. நான் செய்தது ஊசிகளைக் கொதிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, பிரசவம் பார்ப்பது, எப்படித் திருப்பிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பது.

அவள் வேட்டியை முறுக்கிப் பிழிந்தாள். மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப அங்கன உங்களுக்கு ஆளு இருக்கு" என்றாள். குரலில் சூடு இல்லை. "இங்கன எனக்குத்தான் ஊழியக்காரி யாரும் வரல."

"நான் போகல. இருந்துர்றேன்" என்றேன்.

அவள் பதறிப்போனாள். "அந்தப் பாவத்த எந்தலையில ஏத்தாதீக மதினி. ஊழியத்துக்குப் போன பொம்பளைய மருமக மறிச்சுப்புட்டான்னு கோயில்ல பேசுவாக. எம்புள்ளைகளுக்கு முன்னால பேசுவாக. நீங்க போங்க. இம்புட்டு நாளு பாத்தேன், இன்னமும் பாத்துக்கிருவேன்."

"நான் சொல்றேன் அவுககிட்ட, நானாத்தான் இருக்கேன்னு."

"நீங்க சொல்லுவீக. யாரு கேப்பா?"

அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. நான் போனால் அவள் முதுகு ஒடியும். இருந்தால் அவள் பெயர் கெடும். தம்பியிடம் கேட்டேன். அவன் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். "நீ எப்பிடிச் சொல்றியோ அப்பிடிக்கா" என்றான். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் அவன் எப்போதும் அப்படித்தான் சொல்லுவான்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் என் ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல அழைத்தார்கள். நான் சிங்கமும் சொல்லவில்லை, எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றும் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரி முற்றத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு, எங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கிறார், நீங்கள் கைப்பிடி அரிசி கொடுப்பதுபோல வாரத்தில் ஒரு வேளை வந்து கைகொடுத்தால் நான் கவலையில்லாமல் திரும்பிப் போவேன் என்று கேட்டேன். வெளியே வந்ததும் பெண்கள் சங்கத்துத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்கவா வேணும்? நாங்க முறை போட்டு வாரோம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முறை போட்டுத்தான் வந்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாலு பேர், ஐந்து பேராக, வெளுத்த சேலை கட்டி, பைபிளும் பாட்டுப் புத்தகமும் ஆரஞ்சுப் பழமுமாக வந்தார்கள். அப்பாவின் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார்கள், உருக்கமாக ஜெபித்தார்கள். அப்பா அழுதார். அவர் அழுததில் மனம் நிறைந்து இன்னொரு பாட்டுப் பாடினார்கள். அதற்குள் அவர் வேட்டி நனைந்திருக்கும்; அத்தனை பெண்களுக்கு முன்னால் மாற்றவும் முடியாது. வந்தவர்களுக்குத் தம்பி மனைவி காப்பி போட்டாள். இரண்டாம் வாரம் பலகாரமும் செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் போதகரம்மா வந்திருந்தார். எங்கள் சபையில் வியாதிக்காரரைப் பார்க்க வருவதென்றால் அதுதான். வேறு விதமாக வரலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் கேட்ட விதத்தில் ஏதோ குறை என்று நினைத்து, ஒரு தடவை தலைவியிடம் வாளியை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பத்திரமாக மூலையில் வைத்துவிட்டு, "நீங்க உக்காருங்கம்மா, களைச்சுப் போயிருப்பீக" என்றார்.

அவர்கள் போனபிறகு தம்பி மனைவி தம்ளர்களை அள்ளிக்கொண்டே சொன்னாள்: "மதினி, இன்னம் ரெண்டு வாரம் இப்பிடி ஒத்தாசை பண்ணுனாகன்னா நானும் படுத்துருவேன். எனக்கும் சேத்து ஒரு பாட்டாப் பாடிறலாம்."

சிரித்தோம். கப்பலுக்கான நாள் நெருங்கிவிட்டது.

வழியனுப்பும் ஆராதனை ஒரு ஞாயிறு காலை நடந்தது. அதற்கு எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. ஊழியத்துக்குப் போகிறவரைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, வீட்டாரை எழுந்து நிற்கச் சொல்லி, "இவரை மனமுவந்து அனுப்புகிறீர்களா?" என்று போதகர் கேட்பார். வீட்டார் "மனமுவந்து அனுப்புகிறோம்" என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் போனபோது அப்பா நின்று சொன்னார். இந்தத் தடவை தம்பி எழுந்தான். அவன் பதில் முதல் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. போதகர் பெண்கள் பக்கம் பார்த்தார். தம்பி மனைவி எழுந்தாள். அவசரத்தில் மாற்ற மறந்த சேலை, முந்தானையில் டெட்டால் வாசம். அது பீடம் வரை வராது, ஆனால் எனக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்: "மனமுவந்து அனுப்புகிறோம்."

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. போதகர் என் தலையில் கை வைக்க வந்தார். "ஐயா, ஒரு வார்த்தை" என்றேன். சபையைப் பார்த்துத் திரும்பினேன்.

"என் தம்பி சம்சாரம் என்னை அனுப்புகிறேன் என்று சொன்னதை எல்லாரும் கேட்டீர்கள். நான்தான் போகவில்லை. இது என் முடிவு. என் அப்பாவை நான் பார்த்துக்கொள்ளப் போகிறேன். எனக்குப் பதிலாக ஒருவரை நீங்கள் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

யாரோ இருமினார்கள். போதகர் வேறு வழியில்லாமல் எனக்காக ஜெபித்தார். ஜெபத்தில் ஆப்பிரிக்கா இரண்டு மூன்று தடவை வந்தது, அப்பா வரவில்லை.

பேச்சு கிளம்பாமல் இல்லை. ஆனால் அது என்மேல்தான் வந்தது. விசுவாசம் குளிர்ந்துபோயிற்று என்றார்கள். சிங்கத்துக்குப் பயந்துவிட்டாள் என்று இரும்புக் கடைக்காரர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். தம்பி மனைவியைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியவில்லை. அவள் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது. எனக்குப் பதிலாக யாரும் போக முன்வரவுமில்லை. அரிசி மட்டும் மாதாமாதம் சேர்ந்தது. அங்கே டாக்டருக்கு எழுதினேன். வருத்தப்பட்டு, மரியாதையாகப் பதில் எழுதினார். பிரசவப் பிரிவை இரவில் மூட வேண்டியிருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதன்பின் இரவில் வலி எடுத்தவர்கள் எங்கே போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை.

வழியனுப்பும் ஆராதனை நடந்த அந்த வாரமே தம்பி மனைவியைப் பிள்ளைகளோடு கம்பத்துக்கு அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்கு எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு முட்டும், கஞ்சியை எவ்வளவு ஆற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நான் நர்ஸ்" என்றேன்.

"நர்ஸ்தான். மாமாவ உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

பஸ் போனதும் வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்தேன். அப்பாவைத் திருப்பத் தோளுக்கடியில் கை கொடுத்தேன். அங்கே வார்டில் நான் கற்றுக்கொடுத்த முறைதான், வலிக்காது. அவர் உடம்பை விறைத்துக்கொண்டார். இடக்கையால் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மகளிடம் வெட்கப்படுகிறார் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"மருமக" என்றார். மிஞ்சியிருந்த சொற்களில் அது ஒன்று. "மருமக எங்க?"

"கம்பம் போயிருக்காப்பா. வந்துருவா."

அவர் கையை எடுக்கவில்லை. வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து, அவராக வேட்டியை விடும்வரை காத்திருந்தேன்.