நடுக்கடலில் தட்டிய மெசேஜ்

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்துக்குச் சில நாள் முன்பு, நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்துக்கொண்டு விழுந்தேன். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்தான் கண் விழித்தேன். மாரடைப்பு. இனி பீடியைத் தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர்.

அங்கிருந்த நர்ஸ் என் செல்போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "தினம் மெசேஜ் வரும்ணே. பீடி பிடிக்கணும்னு தோணுச்சுன்னா 'உதவி'ன்னு அனுப்புங்க, உடனே பதில் வரும்" என்றார். ஏதோ மிஷின் அனுப்புகிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தடைக்காலம் முழுக்க அந்த மெசேஜ்களின் தயவில்தான் பீடியில்லாமல் ஓட்டினேன்.

டாக்டர் சம்மதித்த பிறகு, வலை இழுக்க வேண்டாம், சமையல் மட்டும் என்ற பேச்சில் படகேறினேன். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே நெஞ்சை அடைத்தால் கரை சேர அரை நாளாகும். அதற்குள் என்னை மீனோடு மீனாக ஐஸில்தான் போட்டு வைக்க வேண்டும்.

வலை ஏறியதும் எல்லோரும் பற்றவைத்தார்கள். அந்த வாடை என்னைச் சுண்டி இழுத்தது. என் மச்சினன் ஒன்றை நீட்டினான். "ஒரே ஒரு இழுப்பு மாமா. ஒண்ணும் ஆயிடாது."

வாங்கியே விட்டேன். உதடு வரை போனதும் திக்கென்றது. பீடியைக் கடலில் எறிந்துவிட்டு, போகாது என்று தெரிந்தும் போனை எடுத்து 'உதவி' என்று தட்டினேன். அடுத்த வலை ஏறியபோதும் அதே தவிப்பு, அதே தட்டல். கரை திரும்பும்வரை பைத்தியக்காரன் மாதிரி தட்டிக்கொண்டே இருந்தேன்.

கரை நெருங்கி டவர் கிடைத்ததும் அத்தனையும் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. படகைக் கட்டுவதற்குள் போன் அடித்தது. மெசேஜைப் பார்த்தது மிஷின் இல்லை, அந்த நர்ஸ்தான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? நெஞ்சு வலிக்குதா? ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்லவா?"

"கடல்ல இருந்தேம்மா, டவர் இல்ல. ஒரு பீடிகூடப் பிடிக்கல."

பிடிபிடியென்று பிடித்தார் பாருங்கள்! "கடலுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? எனக்கு உயிரே போயிருச்சுண்ணே!"

அவர் திட்டத் திட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவளும் கட்டியவளும் பதறுவார்கள்தான். பெயர்கூடத் தெரியாத ஒருவர் எனக்காக அப்படிப் பதறிய பிறகு, இது என் உயிர்தானே என்று புகைத்துத் தீர்க்க இன்றுவரை மனசு வரவில்லை.