கௌரி நல்ல நேரத்தில் ஒரு மென்பொருள்

கடவுளாக இருப்பது எப்படி என்று யாராவது கேட்டால் என்னால் ஓரளவுக்குச் சொல்ல முடியும். கள்ளக்குறிச்சியில் உரமும் விதையும் விற்கிற ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவன் நான். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு விதியை எழுதிவிட்டால் போதும். ரிஷிவந்தியம், மூங்கில்துறைப்பட்டு, வெள்ளிமலை என எந்தக் கிளையில் கம்ப்யூட்டரைப் போட்டாலும், அது முதலில் என்னிடம் வந்து என்ன உத்தரவு என்று கேட்டுவிட்டுத்தான் கண் விழிக்கும். க்ரூப் பாலிசி என்று இதற்குப் பெயர். பென் டிரைவ் செருகக் கூடாது என்றால் கூடாது. புது மென்பொருள் ஏற வேண்டும் என்றால் ஏறும். வீட்டில் ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் கேட்க ஆளில்லை என்பது வேறு விஷயம்.

போன வருஷம் முதலாளிக்குப் பழைய பில் மென்பொருள் அலுத்துப்போயிற்று. என்னைக் கூப்பிட்டார்.

"ஆயுத பூஜ முடிஞ்சி கட தொறக்கறப்ப எல்லா பிராஞ்சிலயும் புது பில்லு வரணும். வரலன்னா இந்த வேலய மெட்ராஸ் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன். நீ குடோன்ல யூரியா மூட்ட எண்ணிக்கினு இருக்கலாம்."

எண்ணுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் குடோனில் எண்ணுகிறவன்தான் அடுக்கவும் வேண்டும். என் முதுகு படித்த முதுகு.

அதனால் அபாரமாகத் திட்டம் போட்டேன். ஆள் இல்லாத நாளில் மென்பொருளை ஏற்று என்று தொழில்நுட்பப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. ஆயுத பூஜை விடுமுறையை விட்டால் வேறு நாள் ஏது? கம்ப்யூட்டர்களை ஓடவிட்டுவிட்டுப் போகும்படி கிளைகளுக்குச் சொல்லிவிட்டேன். பூஜையன்று மத்தியானம் வந்து பார்த்தால் ஒன்றில்கூட ஏறவில்லை. வெள்ளிமலையில் பில் போடுகிற அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சிஸ்டத்த ஆன்லயே விடச் சொன்னேனேம்மா?"

"இன்னா சார் நீங்க! அத பூஜயில வெச்சிருக்குது. ஒயரெல்லாம் உருவி, தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, மாலை போட்டாச்சி. இன்னிக்கு அதத் தொடலாமா? படிச்சவங்க, நீங்களே இப்டிக் கேக்கறீங்க!"

அன்று காலையில் தலைமை அலுவலக சர்வருக்குச் சந்தனப் பட்டை இழுத்து, அதன் தலையில் ஒரு தட்டு பொரியும் சுண்டலும் வைத்தவனே நான்தான். கருவிகளுக்கு ஓய்வு கொடுக்கிற நாளில், எல்லாக் கருவிகளையும் வேலை வாங்கத் திட்டம் போட்ட மேதை உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரி, மறுநாள் விஜயதசமிக்குக் கடை திறக்கும்போது ஒவ்வொன்றாகப் போடுவார்கள், ஒவ்வொன்றாக ஏறிவிடும் என்று தேற்றிக்கொண்டேன். ஒவ்வொன்றாக யார் போட்டார்கள்? எல்லாக் கிளைகளிலும் தொங்குவது எங்கள் நிறுவனமே அச்சடித்து இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டர். எல்லாருக்கும் ஒரே நல்ல நேரம். அது பிறந்த கையோடு அத்தனை கம்ப்யூட்டர்களும் கற்பூர ஆரத்தி பெற்று, ஒரே சமயத்தில் என்னிடம் வந்து உத்தரவு கேட்டன. எங்கள் இணைய இணைப்போ, கல்யாணப் பந்தி முழுவதற்கும் ஒரே சாம்பார் வாளி.

முதலில் மூங்கில்துறைப்பட்டு மேனேஜர் கூப்பிட்டார்.

"சார், வட்டம் சுத்திக்கினே இருக்குது. மக்காச்சோளத்துக்கு யூரியா வாங்க வந்தவங்க டிராக்டரோட நிக்கிறாங்க. பேச்சு ஜாஸ்தியா இருக்குது."

"கொஞ்ச நேரம் அணைச்சி வைங்க. மத்த பிராஞ்சுக்கு ஏறினதும் போடலாம்."

"விஜயதசமி அதுவுமா, நல்ல நேரத்துல தொறந்தத அணைக்கறதா? வெள்ளிமலையில அணைக்கச் சொல்லுங்க சார். அவங்க சாமிக்குப் பக்கத்துல, மலை மேலயே இருக்கறாங்க. கோச்சிக்காது."

வெள்ளிமலை அம்மாவிடம் கேட்டால், அவருக்குத் திரையில் ஓடுகிற எச்சரிக்கையே சாட்சி.

"அணைக்காதன்னு அதுலயே எழுதியிருக்குது சார். மெஷினுக்குக்கூடத் தெரியுது இன்னா நாளுன்னு."

"எனக்குத் தெரியலன்னு சொல்ல வர்றீங்க."

"நான் அப்டிச் சொல்லல சார். நீங்களா சொல்லிக்கறீங்க."

அடுத்த அழைப்பு முதலாளியிடமிருந்து. "இன்னாய்யா, குடோன் சாவிய எடுத்து வெக்கட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் அதே காலண்டர். நல்ல நேரத்துக்குக் கீழே, தினமும் கிழித்துப் போட்டும் நான் படிக்காத ஒரு வரி: கௌரி நல்ல நேரம். அதற்குப் பிறகு சாயங்காலத்துக்கும் ஒரு நல்ல நேரம்.

கிளைகளை மூன்று பந்தியாகப் பிரித்தேன். டிராக்டர்கள் நிற்பதால் மூங்கில்துறைப்பட்டுக்கு இப்போதே. ரிஷிவந்தியத்துக்குச் சாயங்காலம், அவர்கள் அதுவரை கையால் பில் எழுதச் சம்மதித்தார்கள். வெள்ளிமலைக்குத்தான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

"உங்களுக்குன்னு கௌரி நல்ல நேரத்த ஒதுக்கியிருக்கேம்மா."

"மூங்கில்துறைப்பட்டுக்கு?"

"அவங்களுக்குச் சாதா நல்ல நேரந்தான்."

"அப்ப சரி. ஆனா இப்ப எப்டி சார் அணைக்கிறது?"

"அணைக்க வேணாம். ஒரு கற்பூரம் காட்டி, விளக்கு மாதிரி குளிர வைங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?"

இருட்டுவதற்குள் எல்லாக் கிளைகளிலிருந்தும் புது பில் வந்துவிட்டது. முதலாளி பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்: "நாளு பாத்து, நேரம் பாத்து ஏத்தியிருக்கறான்யா. மெட்ராஸ்காரனுக்கு இது தெரியுமா?"

என் முதுகு தப்பியது. ஆனால் அன்றிலிருந்து, முதலாளி காலண்டரைப் பார்க்காமல் எங்கள் நெட்வொர்க்கில் ஒரு துரும்பும் ஏறுவதில்லை. போன மாதம் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. கம்ப்யூட்டர்களில் ஒரு ஓட்டை இருக்கிறது, திருடர்கள் புகுந்துவிடலாம், உடனே அடைக்கவும் என்று எச்சரிக்கை. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. அப்பறம் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள திருடன் வந்துட்டா?"

"அவனும் நாளு பாத்துதானய்யா தொழிலுக்குக் கெளம்புவான்?"

குடோன் சாவி அவர் மேஜை மேலேயே கிடந்தது. ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்து, தசமிக்கு நேரம் குறித்து வைத்தேன்.