நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் பதிவு

கீழ்க்கட்டளை அமலராணி, தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் டெக்னீஷியன். வலிப்பு வரும் குழந்தைகளின் தலையில் பசை தடவி, ஒயர்களை ஒட்டி, அவர்கள் அசையாமல் படுத்திருக்கக் கதை சொல்வாள்.

1989இல் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. டாக்டர் ஞானையாவுக்குத் தெரிந்த வில்பிரட் என்ற இளைஞன் அதற்கொரு புரோகிராம் எழுதித் தந்தான். காகிதத்தில் பதிவதை நிறுத்தினார்கள். ஏழு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் பதிவுகள் பிளாப்பியில் சேர்ந்தன. ஒருநாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டர் எரிந்துபோனது. பிளாப்பியில் இருப்பதைப் படித்துக்காட்டும் புரோகிராமும் அதோடு போயிற்று. வேறு பிரதி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு கடிதம் எழுதியது. பல ஊர்க் குழந்தைகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கப் போகிறார்களாம். அமலராணி ஆசையோடு பத்துப் பிளாப்பிகளை அனுப்பினாள். இரண்டு மாதத்தில் அவை திரும்பி வந்தன. 'எண்கள் இருக்கின்றன. எந்த எண் தலையின் எந்த இடத்துக்கு உரியது என்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

வில்பிரட் அதற்குள் அமெரிக்கா போயிருந்தான். ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து போனில் அவனைப் பிடித்து, எந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்று கேட்டாள்.

"நான் எழுதினதுதான்க்கா. ஆனா இங்க ஒரு கம்பெனிக்கு வித்துட்டேன். இப்ப அதைப் பத்தி யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"குழந்தைங்க விஷயம்ப்பா."

"தெரியும்க்கா. என்னால முடியாது."

அடுத்த வாரம் அனகாபுத்தூர் கன்னியம்மா வந்தாள். ஆபரேஷன் செய்யலாமா என்று முடிவெடுக்க, அவள் மகளின் பழைய பதிவை நகரத்து டாக்டர் கேட்டிருந்தார்.

"அக்கா, நாலு வயசுல எடுத்தியே, அது இருக்குதா?"

அமலராணி பிளாப்பியை எடுத்துக் காட்டினாள். "இருக்கு. ஆனா யாராலயும் பாக்க முடியாது."

"இன்னாக்கா, கையில வெச்சிகினே இல்லேன்றே?"

அமலராணி மகளை அழைத்து வரச் சொன்னாள். புதிதாக ஒரு பதிவு எடுத்துக் கொடுத்தாள். ஒப்பிட ஒன்றுமில்லாததால் டாக்டர் முடிவை ஒரு வருடம் தள்ளிப் போட்டார். அந்த வருடம் முழுக்க அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பதிவிலும் எந்த ஒயர் எந்தக் கோடு என்று அமலராணி கையால் எழுதி, ஒரு அச்சுப் பிரதியைப் பெற்றோரிடமே கொடுத்தாள். பழையவற்றுக்கு வழி பிறக்கவில்லை. 1999இல் பிளாப்பிகள் இருந்த அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். பிளாப்பிகளைக் குப்பையில் போடுமுன், அவற்றில் ஒட்டியிருந்த குழந்தைகளின் பெயர்ச்சீட்டுகளை உரித்தெடுக்க மட்டும் நேரம் கேட்டாள். அரைநாள் கொடுத்தார்கள்.