ஏழு நிமிட ஹாரன்

சரிவில் ஒன்பது வருஷம் கயிற்றில் தொங்கி ஒரு கீறல்கூடப் படாதவர், வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து முட்டியை உடைத்துக்கொண்டார். வேலையில் விழுந்திருந்தால் நாலு பேர் உச்சுக்கொட்டியிருப்பார்கள். சோப்பில் வழுக்கியவரைப் பார்க்க வந்தவர்களோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்கள்.

ரயில் பாதையை ஒட்டிய மண்சரிவுகளைக் கட்டிப்போடும் குழுவில் அவருக்குப் பல்லி என்று பெயர். உச்சியில் கட்டிய கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு செங்குத்துச் சரிவில் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்பார். ஆடுகிற பாறைகளைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவார், பிறகு துளை போடுவார். துளைக்குள் நீளக் கம்பியைச் செருகிச் சிமெண்ட் பால் ஊற்றி, மேலே கம்பி வலையை இழுத்து மாட்டினால் மண் அசையாது. இதெல்லாம் நடக்கும்போது கீழே ரயில்கள் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த வேலைக்காக யாரும் ரயிலை நிறுத்தி வைப்பதில்லை.

முட்டி உடைந்த பிறகு மேஸ்திரி அவரைக் கைவிடவில்லை. ஹாரன் வேலையில் உட்கார வைத்தார். முன்னூறு அடி தள்ளிப் பாதை வளைகிற இடத்தில் ஒரு ஸ்டூல், ஒரு போன், ஒரு சிவப்புக் கொடி, ஒரு ஹாரன், ஒரு நோட்டு. வண்டி புறப்பட்டதும் முந்தின ஸ்டேஷனிலிருந்து போன் வரும். வண்டி வந்து சேர மூன்று நிமிடம் இருக்கையில் ஹாரன் அடிக்க வேண்டும். உடனே எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஒரு கையை உயர்த்த வேண்டும். இவர் கைகளை எண்ணிப் பார்த்து, ஹாரன் அடித்த நேரத்தையும் வண்டி கடந்த நேரத்தையும் நோட்டில் எழுதுவார். அவ்வளவுதான். வெயிலில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கத் தெரிந்த யாரும் செய்கிற வேலை.

காலியான கயிற்றுக்கு ஆளைக் கொண்டுவந்தவரும் அவரே. மனைவியின் தம்பி வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். வெளியாள் வந்தால் இடம் போய்விடும், மச்சினன் என்றால் முட்டி சரியானதும் எழுந்து கொடுத்துவிடுவான் என்று கணக்குப் போட்டார். அவன் ஒரு மாதத்தில் இவரைப் போலவே தொங்கினான். இரண்டாம் மாதம் ஒரு காலைப் பொழுதில் ஆறு துளை போட்டான். இவருடைய உச்சமே ஐந்துதான்.

முதலில் அவனைச் சின்னப் பல்லி என்றார்கள். பிறகு நாக்குக்குச் சோம்பலாக இருந்ததோ என்னவோ, 'சின்ன' போய்விட்டது. ஒரு நாள் சிமெண்ட் கலக்கும் அக்கா மேலே பார்த்து, "பல்லி, கம்பி அனுப்பவா?" என்று கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் இவர் ஸ்டூலிலிருந்து "அனுப்புக்கா" என்றார். மொத்தக் குழுவும் சிரித்தது. அன்றிலிருந்து இவர் ஹாரன்காரர்.

வீட்டிலும் அதே கதைதான். ஆறு மாதமாக ஒழுகிய குழாயை மச்சினன் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தான். மகள் அவன் தோளைவிட்டு இறங்க மாட்டாள். கயிறு உரசிச் சிவந்த தம்பியின் இடுப்புக்கு மனைவி மருந்து தடவுவதைப் பார்த்துவிட்டு, இவர் தம் முட்டியைக் காட்டி, "இதுவும் வீங்கித்தான் கெடக்கு" என்றார்.

"காலை நீட்டித் தூக்கிப் பழகச் சொன்னாங்கல்ல, செஞ்சீங்களா?" என்றாள் மனைவி.

செய்யவில்லை. தினம் முப்பது முறை, காலில் ஒரு கிலோ மணல் மூட்டை. முட்டி பிழைக்க அது ஒன்றே வழி. ஆனால் தூக்க வேண்டிய நேரமெல்லாம் அவருக்கு மச்சினன் எத்தனை துளை போட்டான் என்று எண்ணுவதிலேயே போயிற்று.

மருத்துவப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. தேறினால் கயிறு திரும்பக் கிடைக்குமா என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "உனக்குத்தான் தரணும்னு ஆசை. ஆனா ஆறு போடுறவனை எறக்கிட்டு உன்னை ஏத்தினா மேல நான் என்ன பதில் சொல்றது?"

ஆறு நாலானால் பதில் சொல்வது எளிது என்று இவருக்குப் பட்டது.

அந்தச் சரிவு உதிரி மண். துளை போடுகையில் பாதியில் நிறுத்தினால் மண் சரிந்து துளைக்கம்பியைக் கவ்விக்கொள்ளும். அதைப் பிடுங்கி எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹாரனைத் தாமதமாக அடித்தால் வேலை போகும், உயிரும் போகும். சீக்கிரம் அடித்தால்? அதைக் குற்றம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மச்சினன் துளையில் பாதி இறங்கியதும் இவர் அடித்தார். மூன்று நிமிடம் இருக்கையில் அல்ல, ஏழு நிமிடம் இருக்கையில். சில நாள் எட்டு. மச்சினனுக்குக் காலை முறை. மதியம் மொட்டை என்றொருவர் கயிற்றில் ஏறுவார். அவருக்கு மூன்றிலேயே அடித்தார். மொட்டை மேல் இவருக்கு எந்தக் கோபமும் இல்லையே.

துளை எண்ணிக்கை நாலுக்கு இறங்கியது. மேஸ்திரி கேட்டபோது, "பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? அன்றிரவு பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

ஆனால் மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து காலை ஹாரனை யாரும் சட்டை செய்யவில்லை. அடித்த பிறகும் அவசரமில்லாமல் துளையை முடித்துவிட்டுத்தான் மச்சினன் கையைத் தூக்கினான். இவருடைய ஹாரனைக் கேட்டபின் ஒரு டீ குடித்துவிட்டு ஒதுங்கலாம் என்று சிமெண்ட் அக்கா வேடிக்கையாகச் சொன்னது இவர் காதுக்கும் வந்தது. எண்ணிக்கை ஐந்தானது. மறுபடி ஆறானது. இவருக்கு வயிறு எரிந்ததே தவிர, தாம் எதைக் கெடுத்து வைத்திருக்கிறோம் என்பது உறைக்கவில்லை.

பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு காலை, ஸ்டேஷனிலிருந்து தாமதமாகப் போன் வந்தது. பெட்டிகள் இல்லாத வெறும் இன்ஜின் ஒன்று, நேரப் பட்டியலில் இல்லாதது, ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம். அடித்தார்.

மேலே மச்சினன் அண்டா அளவுப் பாறை ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான். ஏழு நிமிடம் இருக்கிறது, தள்ளிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று இன்னும் இரண்டு நெம்பு நெம்பினான். பாறை புரண்டு, கீழே கட்டியிருந்த தடுப்பு வேலியைத் தாண்டி, தண்டவாளத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

இவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் வரும் திசையில் ஓடினார். வளைவைத் தாண்டி ஓடினால்தான் டிரைவர் கண்ணில் படுவார். எட்டு மாதம் மடங்க மறுத்த முட்டி அன்று மடங்கியது. நானூறு அடி ஓடியதும் உள்ளே ஏதோ பிய்ந்ததை அவரே உணர்ந்தார், நிற்கவில்லை. இன்ஜின் கிறீச்சிட்டு நின்றபோது அதற்கும் பாறைக்கும் நடுவே ஒரு லாரியை நிறுத்தலாம். அதற்கு மேல் இடமில்லை.

மதியமே விசாரணை அதிகாரி வந்தார். கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகையில் எல்லோரையும் நிற்க வைத்தார். இவரை மட்டும் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார விட்டார்கள். முட்டி பந்தாக வீங்கியிருந்தது. ஹாரன் கேட்டதா என்று அதிகாரி மச்சினனைக் கேட்டார்.

"கேட்டுச்சு சார். நான்தான் நிறுத்தல. மாமா சரியா மூணு நிமிஷத்துல அடிச்சாரு. தப்பு என்னோடதுதான்."

அதிகாரி நோட்டில் அன்றைய பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இனி அவன் கயிற்றில் ஏற முடியாது. இவர் இரண்டு மாதமாக வேண்டிக்கிடந்தது தானாக மடியில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்போது மேஸ்திரி மச்சினனின் தோளில் கை வைத்தார். சிமெண்ட் அக்கா பக்கத்திலிருந்தவளிடம், "தப்பை ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும். தங்கமான பையன்" என்றாள். அது இவர் காதில் விழுந்தது.

குழாயைச் சரிசெய்தான், பொறுத்தார். பெயரை எடுத்துக்கொண்டான், பொறுத்தார். இப்போது தப்பை ஒத்துக்கொள்வதிலும் அவன் முந்திக்கொண்டு நல்ல பெயர் வாங்குகிறான். அதுவும் இவருடைய தப்பை. அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"இன்னைக்குப் பக்கத்தை மட்டும் பாத்தா எப்படி சார்? முந்தின பக்கங்களையும் பாருங்க" என்றார்.

அதிகாரி புரட்டினார். இவர் எதையும் மாற்றி எழுதியதில்லை. அந்த நோட்டை யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு நேரத்தையும் அழகான கையெழுத்தில் உள்ளபடி எழுதி வைத்திருந்தார்.

"காலையில ஏழு, ஏழு, எட்டு. மத்தியானம் மூணு, மூணு, மூணு. காலையில மட்டும் உங்க கடிகாரம் வேகமா ஓடுமா?"

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது சார். எனக்குத்தான் பொறுக்கல."

மச்சினன் அவரைப் பார்த்தபடி நின்றான். கோபமா, வேறேதாவதா என்று சொல்ல முடியாத பார்வை. மாலையில் அவரைத் தோளில் சாய்த்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போகையில் மட்டும், "என்கிட்ட கேட்டிருந்தா எறங்கியிருப்பேன் மாமா" என்றான். இவர் நொண்டிக்கொண்டே நடந்தார். கேட்டு வாங்குவதற்கா ஒன்பது வருஷம் தொங்கினார்?

முட்டியைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கயிறு இனி இல்லை, படிக்கட்டே யோசித்து ஏற வேண்டும் என்றார். அதிகாரி ஹாரனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். மச்சினனுக்கு ஒரு மாதம் கயிறு இல்லை. இரண்டு பேரையும் சிமெண்ட் அக்காவின் கீழ் தனித்தனித் தொட்டியில் சிமெண்ட் கலக்கப் போட்டார்கள். மாமனும் மச்சினனும் ஆளுக்கொரு துடுப்போடு எதிரெதிரே நின்றார்கள். மனைவி சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒரே அளவில் நிரப்பி அனுப்பினாள். இவர் ஒருமுறை இரண்டையும் கையில் தூக்கி எடை பார்த்ததாகக் கேள்வி.

இப்போது தினம் காலையும் மாலையும் மணல் மூட்டையைக் காலில் கட்டி முப்பது முறை தூக்குகிறார். நடக்கவாவது உதவும்.

பன்னிரண்டாம் நாள் சிமெண்ட் அக்கா இரண்டு தொட்டியையும் கிளறிப் பார்த்தாள். "மச்சினன் கலக்கினதுல ஒரு கட்டி இல்ல. உங்களோடதைப் பாருங்க, பாதி கட்டி" என்றாள்.

அவர் மச்சினனின் தொட்டியை எட்டிப் பார்த்தார். பாலாகத்தான் இருந்தது. தம் துடுப்பை எடுத்து முதலிலிருந்து கலக்க ஆரம்பித்தார். அவன் திரும்பக் கயிற்றில் ஏற இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.