கோழிக்கு அரை டிக்கெட்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வயலில் ரெமிஜியஸின் பாட்டைப் போட்டுக் குருவி விரட்டுகிறார்களாம். தஞ்சாவூரில் கோயில் பாடகர் குழுவுக்குள் கிளம்பிய இந்த வதந்தி, ஞாயிறு பூசை முடிவதற்குள் ரெமிஜியஸின் காதுக்கே வந்துவிட்டது. முப்பது வருடமாக அந்தக் குழுவை நடத்துகிறவர் அவர்தான். மாதாவுக்கும் புனிதர்களுக்குமாக இருநூறு பாட்டுக்கு மெட்டுப் போட்டு, மற்றவர்களைப் பாட வைத்தவர். எந்தப் பாட்டு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். கேசட் காலத்தில், இருபத்திரண்டு வயதில், அவரே பாடிய ‘கோழிக்கு அரை டிக்கெட்’தான். டவுன் பஸ்ஸில் ஏறிய கோழி கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கும் பாட்டு. விசில், பிரேக், கொக்கரிப்பு எல்லாம் அவர் வாய்தான். அதை ஊர் மறக்கட்டும் என்றுதான் மற்ற இருநூறும்.

புதன்கிழமை அவருக்கு ஆபரேஷன். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையையே எடுக்கிறார்கள். அதற்கப்புறம் அவர் குரல் என்று உலகத்தில் மிஞ்சப்போவது அந்தக் கோழி மட்டும். அது குப்பையா இல்லையா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

“அவனவன் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டுப் போவான். நீங்க குருவி பார்க்கப் போறீங்களாக்கும்,” என்றாள் மனைவி ஃபிளோரா. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவளே முதலில் ஏறி இடம் பிடித்தாள்.

வதந்தி உண்மை. கதிர் பால் பிடித்து நின்ற வயல் நடுவே மூங்கிலில் ஒலிபெருக்கி. குத்தகைக்குப் பயிர் செய்கிற ரெத்தினம் வரப்பில் நின்றார். ரெமிஜியஸ் தான் யாரென்று சொல்லவில்லை. “பக்திப் பாட்டு போடக்கூடாதா?” என்று கரகரத்தார்.

“போட்டேனே! குருவியெல்லாம் ஸ்பீக்கர் மேலயே உக்காந்து கேட்டுச்சு. வெடி போட்டா ரெண்டு நாள்ல பழகிடுதுங்க. இந்த ஆளு வேறங்க. கண்டக்டர் ‘டிக்கெட்’னு கேட்டதும் நிப்பாட்டுவாரு. சத்தமே இருக்காது. சரி, முடிஞ்சுதுன்னு குருவி இறங்கும். அப்ப கத்துவாரு பாருங்க! அஞ்சு தடவை கேக்குறாரு, அஞ்சு தடவையும் வேற வேற அளவுல நிக்கிறாரு. எனக்கே இன்னும் தூக்கிப்போடுது.”

அந்த மௌனத்தை வெட்டச் சொன்ன ஒலிப்பதிவுக்காரரோடு அன்று சண்டை போட்டது ரெமிஜியஸுக்கு நினைவு வந்தது. இருநூறு பாட்டில் ஒன்றில்கூட அப்படி நிற்க அவர் துணிந்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அந்தக் கோழி இவருதாங்க,” என்றாள் ஃபிளோரா.

ரெத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஐயா, குருவி பயப்படுது. கிளிதான் நாலு நாளா பழகிடுச்சு. போன வருசம் வெள்ளத்துல போச்சு; இதுவும் போனா நிலத்தை விட்டுட வேண்டியதுதான். புதுசா ரெண்டு சரணம் பாடிக் குடுங்களேன்.” பதிவு செய்யப் போனை நீட்டிவிட்டார்.

முதல் சரணம் வந்தது. பழைய கோழியைவிட மோசமான, தொண்டை கிழிந்த கூச்சல். கிளிகள் கொத்தாக எழுந்து பறந்தன. இரண்டாவதில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். ரெமிஜியஸ் வாயைத் திறந்தபடி நின்றார். ரெத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசித்தார். அது பாட்டில் வரும் மௌனமல்ல என்று ஃபிளோராவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கணவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பரவால்லங்கய்யா, களைச்சிட்டீங்க,” என்றார் ரெத்தினம், வெகுநேரம் கழித்து. “ஒண்ணு பாக்கி இருக்கட்டும். அடுத்த வாரம் சாவகாசமா பாடி அனுப்புங்க.”

ரெமிஜியஸ் சரியென்று தலையாட்டினார். ஃபிளோரா ரெத்தினத்தின் போன் நம்பரை எழுதிக்கொண்டாள்.