ஜெபா பேசியதை எல்லாம் வெட்டியவன் நான்

ஜெபா போய்விட்டான். இன்று காலை ஸ்கூல் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டும்போது மாரடைப்பு. நாற்பத்தொரு வயசு...

எழுதும்போதே எரிச்சலாக வருகிறது. அவன்மேல், என்மேல், காலையிலிருந்து 'லெஜண்ட்' என்று கமெண்ட் போடுகிறவர்கள்மேல்.

அய்யா, ஒரு காலேஜ் விழாவில் நாங்கள் வாசித்தபோது கீழே இருபது பேர் இருந்தீர்கள். அதிலும் பாதிப் பேர் சாப்பாட்டு டோக்கனுக்கு நின்றவர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெபாவும் நானும் எட்டு வருஷம் நடத்திய பேண்டின் பெயர் 'ஞாயிறு லீவு'. அவன் கிட்டாரும் பாட்டும், நான் மாண்டலின்.

அவனியாபுரத்தில் என் லேத் பட்டறைக் கதவில் எழுதியிருந்ததுதான் பெயரானது. சர்ச் முடிந்ததும் அயர்ன் கலையாத சட்டையோடு நேரே பட்டறைக்கு வந்துவிடுவான்.

லேத் மேல் கழிவுப் பஞ்சை மடித்து வைத்து, அதன்மேல் போன். அவ்வளவுதான் எங்கள் ஸ்டுடியோ. ஷேர் ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தலைக்கு மேல் போகிற விமானம்... எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும்.

நல்ல ஸ்டுடியோவுக்குப் போவோம் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! "எதுக்கு மாப்ள? ஊருச் சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகுது" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு பழக்கம். ரெக்கார்ட் பட்டனை அமுக்கியதும் ஊர், கிழமை, வெயில் மழை எல்லாம் சொல்லித்தான் ஆரம்பிப்பான்.

"அவனியாபுரம். ஞாயித்துக்கிழமை. வெயில் கொல்லுது. மாப்ள மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கான். ம்... வாசி." பெரிய ரேடியோ ஸ்டேஷன் நடத்துகிற நினைப்பு!

நெட்டில் ஏற்றுவது என் வேலை. அந்தப் பேச்சை வெட்டுவேன், ஆப்பில் போட்டு இரைச்சலைக் கழுவுவேன். போனில் இடமில்லை என்று ஒரிஜினலை அழித்துவிடுவேன். பத்துப் பாட்டுக்கும் அப்படித்தான்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒருத்தர் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். "பட்டறைல பாடுனதக் கேட்டுத்தான அவருக்குப் பிடிச்சுது, அங்க போயி என்னத்தப் பாட?" என்று இவன் மறுத்துவிட்டான்.

"நீயும் உன் குக்கர் விசிலும்! இனி பட்டறைப் பக்கம் வராத" என்றேன். வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இன்று வில்லாபுரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, அவரு சும்மா பேசுற மாதிரி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? பாட்டு வேணாம்ணே, பேச்சு. எனக்கு ஒரு வாய்ஸ் நோட்டு அனுப்புனதில்ல, எல்லாத்துக்கும் கட்டவிரலத்தான் அனுப்புவாரு."

இருந்ததையெல்லாம் வெட்டிப் போட்டவன் நான்தான் என்று சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. பிடித்திருந்த என் கையை மெதுவாக விட்டுவிட்டாள்.

அப்போதுதான் பதினோராவது பாட்டு ஞாபகம் வந்தது. சண்டைக்குப் பிறகு அவன் வீட்டிலேயே பாடி, அவனே ஏற்றியது. வீம்பில் நான் கேட்கவே இல்லை.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டோம்.

"வில்லாபுரம். ஞாயித்துக்கிழமை. மழ வர்ற மாதிரி இருக்கு. மாப்ள வரல. அவன் வாசிக்கிற எடத்த அப்படியே விட்டு வைக்கிறேன்."

விட்டு வைத்திருக்கிறான், படுபாவி. நடுவில் பாட்டு நிற்கிறது. எனக்காகக் கிட்டாரை மெதுவாகத் தட்டிக்கொண்டு காத்திருக்கிறான்... அந்த இடத்தில் ஒரு குக்கர் விசில்.

"அது நான் வச்ச குக்கர்ணே" என்றாள் கிரேஸ். அதன்பிறகுதான் அழுதாள்.

ஷேர் பண்ணுகிறவர்கள் அந்தப் பாட்டையே ஷேர் பண்ணுங்கள். யாரும் கிளீன் பண்ணித் தருகிறேன் என்று இன்பாக்ஸுக்கு வராதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம்.

மாண்டலின் எடுத்துட்டு வாரேன் மாப்ள.